15 மாசக் குழந்தை, டேகேருக்கு மாசம் 10,000. பெங்களூர்ல அரசு உதவின்னு ஏதாவது இருக்கா?

மடிவாளா அம்மா
திங்கள், இரவு 10:50

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இதுதான் முதல் தடவை.

எங்க வீட்டுக் கணக்கை அப்படியே வைக்கிறேன். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதறேன், கைக்கு வர்றது 24,000. அவர் பொம்மசந்திராவுல ஒரு குடோன்ல சூப்பர்வைசர், 23,000. வீட்டு வாடகை 13,000. பொண்ணுக்கு 15 மாசம். டேகேருக்கு 8,500, அங்கேயே சாப்பாடு, பாலுக்கு 1,500. ஆக 10,000. என் சம்பளத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி அங்கேயே போயிடுது. எங்கம்மா இப்ப இல்லை. மாமியார் திருவண்ணாமலை பக்கம், ரெண்டு மாடும் அரை ஏக்கர் நிலமும் வெச்சிட்டு அவங்களால வந்து இருக்க முடியாது.

போன வியாழக்கிழமை சில்க் போர்டுல பஸ் நகரவே இல்லை. டேகேர் 6:30 வரைக்கும்தான், அதுக்கு மேல அரை மணிக்கு 100 ரூபா. நான் போய்ச் சேரும்போது 7:10. மத்த பிள்ளைங்க எல்லாம் போயிட்டாங்க. பாப்பா வாசல் பக்கத்துல பாய்ல தூங்கிட்டிருந்தா, ஒரு கால்ல மட்டும் ஷூ. ஆயாம்மா தன் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அவ பக்கத்துலேயே உக்காந்திருந்தாங்க. அவங்க வீட்லயும் ஒரு பையன் காத்திட்டிருக்கான். நான் கட்டின 200 ரூபாயில அவங்களுக்கு ஒரு ரூபா போகாதுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரலை.

வெளிநாட்டுல எல்லாம் டேகேர் ஃபீஸ்ல பாதிக்கு மேல அரசாங்கமே கட்டுதுன்னு சொல்றாங்க. இங்க அப்படி ஒண்ணும் இல்லைன்னு தெரியும். இருந்தாலும் வரியிலயோ, ஏதாவது திட்டத்துலயோ, ஆபீஸ் மூலமாவோ, ஏதாவது ஒரு வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொம்மனஹள்ளி கணக்கர்
திங்கள், இரவு 11:25

தங்கச்சி, வரி விஷயம் என் தொழில், அதனால அதை மட்டும் சொல்றேன்.

வருமான வரியில ரெண்டு பிள்ளைங்க வரைக்கும் படிப்புக் கட்டணத்தைக் கழிக்கலாம். பிளேஸ்கூல், ப்ரீ நர்சரி, நர்சரியும் அதுல சேரும்னு நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையிலயே தெளிவா சொல்லியிருக்கு. ஆனா ரசீதுல டியூஷன் ஃபீஸ்னு தனியா போட்டிருக்கணும். சும்மா குழந்தையைப் பாத்துக்கறதுக்கு வாங்கற காசு, சாப்பாட்டுக் காசு, வேன் காசு எதுவும் சேராது. அதுவும் பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான். புது முறையில இந்தக் கழிவே கிடையாது.

உங்க விஷயத்துக்கு வருவோம். வருஷத்துக்கு உங்களுக்கு 2,88,000, அவருக்கு 2,76,000. ரெண்டு பேருமே வரியே கட்ட வேண்டியதில்லை. கட்டாத வரியில கழிக்கறதுக்கு என்ன இருக்கு? இதை ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கேன். வரிக் கழிவா கொடுக்கற எந்தச் சலுகையும் உங்களை மாதிரி குடும்பத்துக்கு வந்து சேராது. சம்பளம் கூடக் கூடத்தான் அந்தச் சலுகைக்கே மதிப்பு. எந்த வீட்ல பத்தாயிரம் ரூபா கழுத்தைப் பிடிக்குதோ அந்த வீட்டுக்கு அதுல ஒரு பைசா கிடையாது.

ஜாலஹள்ளி குவார்ட்டர்ஸ்
செவ்வாய், காலை 7:10

நான் மத்திய அரசு ஊழியை. எங்களுக்கு என்ன இருக்குன்னு சொல்லிடறேன், ஒப்பிட்டுப் பாருங்க.

18 வயசுக்குள்ள குழந்தை இருந்தா மொத்த சர்வீஸ்ல 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு. முதல் 365 நாள் முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். தனியா பிள்ளை வளர்க்கற அப்பாக்களுக்கும் உண்டு. அது போக, நர்சரியிலிருந்து 12ஆம் வகுப்பு வரைக்கும் ஒரு குழந்தைக்கு மாசம் 2,250 கல்விப்படி. அகவிலைப்படி 50 சதவீதம் ஆனதும் 2024 ஜனவரியிலிருந்து அது 2,812 ரூபா 50 காசு ஆயிடுச்சு. மாற்றுத்திறனாளிக் குழந்தைன்னா ரெண்டு மடங்கு.

ஆனா எனக்கும் அந்த ஒண்ணரை வயசுக்கு, டேகேருக்குன்னு பணம் எதுவும் வரலை. நர்சரிக்கு முன்னாடி அந்தப் படி கிடையாது. விடுப்பு இருந்ததால சமாளிச்சேன். என் தங்கச்சி தனியார் கம்பெனி, அதே வயசுக் குழந்தை, அவளுக்கு ரெண்டும் இல்லை. ஒரே வீட்ல வளர்ந்த ரெண்டு பேர். வேலை குடுத்தவங்க யாருங்கறதை வெச்சு எங்க ரெண்டு பேரோட குழந்தைங்களோட முதல் மூணு வருஷமே வேற வேறயா போயிடுச்சு.

எச்எஸ்ஆர் வாசி
செவ்வாய், காலை 9:30

ஆபீஸ்ல மொத்தம் எத்தனை பேர் வேலை செய்றாங்கன்னு முதல்ல பாருங்க. 2017ல மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினப்போ, 50 பேர் அல்லது அதுக்கு மேல இருக்கற எந்த நிறுவனமும் குழந்தை காப்பக வசதி வெச்சே ஆகணும்னு ஆக்கிட்டாங்க. ஆம்பளைங்களையும் சேர்த்துத்தான் 50. அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம், இடைவேளையும் அதுல சேர்த்தி. வேலைக்குச் சேரும்போதே இந்த வசதி எல்லாம் என்னன்னு எழுத்துல தரணும்னும் சட்டத்துல இருக்கு.

எங்க கம்பெனி பக்கத்துல இருக்கற ஒரு டேகேரோட ஒப்பந்தம் போட்டிருக்கு, ஃபீஸ்ல பாதி அவங்க கட்டறாங்க. இன்னும் பாதி நான். ஃபீஸை யார் கட்டணும்னு அந்தப் பிரிவுல சொல்லவே இல்லைங்கறதால ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி.

மடிவாளா அம்மா
செவ்வாய், மதியம் 1:15

எங்க ஆபீஸ்ல ஓனரைச் சேர்த்தா 15, சேர்க்காட்டி 14 பேர் அக்கா. 50க்கு எங்க போறது.

இன்னொண்ணும் கேக்கணும். எனக்கு டெலிவரிக்கு 12 வாரம்தான் சம்பளத்தோட கொடுத்தாங்க. சின்ன ஆபீஸுக்கு அவ்வளவுதான்னு சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். மூணு மாசக் குழந்தையை ஊர்ல மாமியார்கிட்ட விட்டுட்டு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்தேன். அது சரியா?

பொம்மனஹள்ளி கணக்கர்
செவ்வாய், மதியம் 2:05

இல்லைம்மா, சரியில்லை. கடை, ஆபீஸ் எதுவா இருந்தாலும் 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா மகப்பேறுச் சட்டம் பொருந்தும். பிரசவத்துக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருந்தா போதும், முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் முழுச் சம்பளம். மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிச்சிருந்தா அந்த 26 வாரப் பணம் ஈஎஸ்ஐயிலிருந்து வரும். உங்களுக்கு அதுக்கு மேல, அதனால ஓனர் கொடுத்திருக்கணும். 14 வாரச் சம்பளம் உங்களுக்குச் சேர வேண்டியது. தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர்கிட்ட எழுத்துல கொடுக்கலாம். வேலை போயிடுமோன்னு பயம் இருக்கும், அது எனக்குப் புரியுது. முதல்ல பேசிப் பாருங்க, சட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசுங்க.

2025 நவம்பர் 21லிருந்து இதெல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு. 26 வாரம், 50 பேருங்கற எண்ணிக்கை ரெண்டும் அப்படியேதான் இருக்கு. ஆக, 10லிருந்து 49 பேர் வரைக்கும் இருக்கற இடத்துல வேலை செய்ற அம்மாவுக்கு ஆறு மாசம் லீவு உண்டு, ஏழாவது மாசத்துலிருந்து ஒண்ணும் இல்லை. நான் கணக்கு பாக்கற ஆபீஸுங்கள்ல முக்கால்வாசி இந்த அளவுதான்.

நேரா கேக்கறேன்
செவ்வாய், மாலை 6:40

யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்றேன். எங்கம்மா நாலு பேரை வளர்த்தாங்க, டேகேரும் இல்லை, அரசு உதவியும் இல்லை. மூணு வயசு வரைக்கும் அம்மா பக்கத்துல இருக்கறதுதான் குழந்தைக்கு நல்லது. 24,000 சம்பாதிச்சு 10,000 டேகேருக்கு, பஸ்ஸு, ட்ரெஸ்ஸு, வெளிச் சாப்பாடுன்னு போனா கையில என்ன நிக்குது? மூணு வருஷம் வீட்ல இருந்துட்டு அப்புறம் வேலைக்குப் போகலாமே. அதுக்கு எதுக்கு அரசாங்கம் காசு கொடுக்கணும்?

கேஜிஎஃப் பேத்தி
செவ்வாய், இரவு 8:20

அண்ணா, மரியாதையோடதான் கேக்கறேன். நாலு பேரை வளர்த்தது உங்கம்மா மட்டும்தானா? உங்களுக்கு மூத்த அக்கா இருந்தாங்களா?

எங்க பாட்டி கேஜிஎஃப்ல, அதான் கோலார் தங்கவயல்ல, வீட்டு வேலைக்குப் போவாங்க, தாத்தா சுரங்கத்துல. வீட்ல ஆறு பிள்ளைங்க. எங்க பெரியம்மா அஞ்சாவதோட நின்னுட்டாங்க. கடைசி மூணு பேரையும் இடுப்புல தூக்கி வளர்த்தது அவங்கதான். எங்க அம்மா எஸ்எஸ்எல்சி, சித்தி டீச்சர் ட்ரெய்னிங், மாமா டிப்ளமா. பெரியம்மாவுக்கு இன்னைக்கும் பாங்க்ல கையெழுத்துப் போடச் சொன்னா கை நடுங்குது. எங்க வீட்ல டேகேர் ஃபீஸ் கட்டினது அவங்க. பத்து வயசுல.

ஒரு குழந்தையை யாரோ ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் ஆகணும். அந்தக் காலத்துல செலவே இல்லைன்னு சொல்லாதீங்க. அதை யார் தலையில வெச்சோம்னு பாருங்க.

நேரா கேக்கறேன்
செவ்வாய், இரவு 9:45

அக்கா இருந்தாங்க. ஏழாவது வரைக்கும் படிச்சாங்க. நீங்க எழுதினதைப் படிச்சிட்டு இப்பதான் அவங்களுக்குப் போன் பண்ணேன். வீட்ல இருந்தா குழந்தைக்கு நல்லதுங்கற என் எண்ணம் மாறலை. ஆனா எங்கம்மா தனியா வளர்த்தாங்கன்னு நான் எழுதினது தப்பு.

எச்எஸ்ஆர் வாசி
செவ்வாய், இரவு 10:30

பேத்தி சொன்னது அந்தக் காலத்துக் கதை இல்லை, இன்னைக்கு என் வீட்டுப் படிக்கட்டுல நடக்குது.

எங்க அபார்ட்மென்ட்ல மூணு வீட்ல வேலை செய்ற அக்கா தர்மபுரிக்காரங்க. வீட்டுக்காரர் போன வருஷம் இறந்துட்டார். ரெண்டு பொண்ணு. பெரியவளுக்கு பத்து, சின்னதுக்கு ஒரு வயசு நாலு மாசம். பெரியவ கன்னட மீடியம் அரசுப் பள்ளியில அஞ்சாவது. கொஞ்ச நாளா காலையில பத்து மணிக்கு யூனிஃபார்மோட எங்க படிக்கட்டுல உக்காந்திருக்கா, மடியில தங்கச்சி. பக்கத்துல ஸ்கூல் பை. ஒரு நாள் அந்தப் பைக்குள்ள பாத்தேன். நோட்டுக்குப் பதிலா பால் புட்டி, ஒரு துண்டு, ரெண்டு ஜட்டி.

அங்கன்வாடிக்குப் போய்க் கேட்டோம். மூணு வயசு ஆனாதான் அங்க உக்கார வெச்சுப்பாங்க. அதுக்குக் கீழ இருந்தா சத்துமாவு பாக்கெட் வீட்டுக்குத் தருவாங்க, குழந்தையை வெச்சுக்க மாட்டாங்க. டீச்சர் நல்லவங்கதான். அவங்ககிட்ட ஏற்கெனவே 30 பிள்ளைங்க. என்ன செய்யலாம்னு யாராவது சொல்லுங்க. நான் பாதி ஃபீஸ் கட்டிக்கிட்டு நிம்மதியா ஆபீஸ் போறேன், அவங்க என் வீட்டுப் பாத்திரம் கழுவறாங்க, அந்தப் பொண்ணு ஸ்கூலை விட்டுட்டு நிக்கறா. எனக்கு இது தாங்கலை.

ஸ்ரீராமபுரம் டீச்சர்
புதன், காலை 6:15

நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் குழந்தை காப்பகத்தில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவள். இப்போது ஓய்வில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரசுத் திட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2006இல் ராஜீவ் காந்தி பெயரில் காப்பகத் திட்டம் வந்தது. 2017இல் அது தேசியக் காப்பகத் திட்டம் ஆனது. 6 மாதம் முதல் 6 வயது வரை, ஒரு காப்பகத்தில் 25 குழந்தைகள், மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம் அப்போது மாதம் 20 ரூபாய் தந்தால் போதுமாக இருந்தது. மாத வருமானம் 12,000 வரை இருந்தால் 100, அதற்கு மேல் 200. ஆமாம், மாதத்துக்குத்தான். மடிவாளா தங்கை கட்டும் தொகையில் ஐம்பதில் ஒரு பங்கு.

எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. காலையில் பாய் விரித்து, பதினொன்றுக்கு ராகிக் கஞ்சி, ஒரு மணிக்குச் சாதம், சாம்பார், பிறகு தூக்கம். பாதிக்குமேல் தமிழ்க் குழந்தைகள், மீதி உருதும் கன்னடமும். அம்மாக்கள் ஊதுபத்தி உருட்டும் வேலை, வீட்டு வேலை, பூக்கட்டும் வேலை. எங்களுக்குச் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், மதிப்பூதியம் என்பார்கள். அந்த 2017 திட்டத்தில் பணியாளருக்கு 3,000, உதவியாளருக்கு 1,500. அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலம் 30, நிறுவனம் 10. அந்தப் பணம் ஆறு மாதம், எட்டு மாதம் தாமதமாக வரும். கடைக்காரர் எத்தனை மாதம் கடனில் அரிசி தருவார்? கடைசியில் நிறுவனத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, மூடிவிட்டோம். கடைசி நாளில் 22 குழந்தைகள் இருந்தார்கள்.

2022இல் மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் அதையே 'பால்னா' என்று மாற்றி, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்று கொண்டுவந்தார்கள். நாடு முழுவதும் 17,000 திறப்பது இலக்கு. எச்எஸ்ஆர் சகோதரி, உங்கள் வட்டாரத்தின் சிடிபிஓ (குழந்தை வளர்ச்சித் திட்ட அதிகாரி) அலுவலகத்துக்குப் போய், பால்னா மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அங்கன்வாடி டீச்சரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் இல்லையென்றால், எங்கள் பகுதிக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்காத இடத்துக்கு மையம் வந்து நான் பார்த்ததில்லை.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கன்வாடிகளை நடத்தும் ஐசிடிஎஸ் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியபோது, நாட்டில் தேர்ந்தெடுத்த 33 வட்டாரங்களில் நம் மைசூரு மாவட்டத்து டி. நரசிபுராவும் ஒன்று. அங்கன்வாடி என்ற ஏற்பாட்டுக்கு இந்த மாநிலம் அவ்வளவு பழையது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்தக் கதவு சாத்தியிருக்கிறது.

ஹெப்பால் சைட்
புதன், காலை 11:40

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் கட்டட வேலைக்கு வர்ற நம்ம ஊர்க்காரங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கறவன். திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்கதான் அதிகம். இந்த இழையைச் சித்தாள் வேலை செய்ற யாராவது படிச்சா, இல்லை அவங்களைத் தெரிஞ்சவங்க படிச்சா, அவங்களுக்காக எழுதறேன்.

கர்நாடகா கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ண பெண்ணுக்குக் குழந்தை பிறந்தா 'தாயி மகு சஹாய ஹஸ்தா'ன்னு ஒரு உதவி இருக்கு. வருஷத்துக்கு 6,000, குழந்தைக்கு மூணு வயசு ஆகற வரைக்கும். முன்பருவக் கல்விக்கும் சத்துணவுக்கும்னு சொல்லித்தான் தர்றாங்க. அந்தப் பணம் அரசாங்கம் தர்ற பிச்சை கிடையாது. கட்டடங்களோட செலவுல 1 சதவீதம் செஸ்னு ஒரு வரி பிடிச்சு அதுலிருந்துதான் தர்றாங்க. நம்ம ஆளுங்க கட்டின கட்டடம்.

18லிருந்து 60 வயசு, போன 12 மாசத்துல 90 நாள் வேலை செஞ்ச சான்று, இது ரெண்டும் வேணும். அந்த 90 நாள் சான்றுலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. மேஸ்திரி கையெழுத்துப் போட மாட்டார், இல்லைன்னா 500 கேப்பார். தொழிற்சங்கம் மூலமாவும் வாங்கலாம், கேட்டுப் பாருங்க. புருஷன் மட்டும் கார்டு எடுத்து வெச்சிட்டு, கூடவே சிமெண்டு சட்டி தூக்கற பொண்டாட்டிக்கு எடுக்காம விட்டுடறாங்க. இந்த உதவி அந்தம்மா பேர்ல கார்டு இருந்தாதான். தயவு செஞ்சு ரெண்டு பேரும் எடுங்க.

'கூசின மனெ'ன்னு ஒண்ணு பேப்பர்ல பாத்திருப்பீங்க. 4,000 கிராமப் பஞ்சாயத்துல காப்பகம் திறக்கறதா 2023-24 பட்ஜெட்ல சொன்னது. அது நூறு நாள் வேலைக்குப் போற கிராமத்து அம்மாக்களுக்கு. பெங்களூர் டவுனுக்குள்ள தேடாதீங்க.

பீன்யா தையல்
புதன், இரவு 9:20

நான் கார்மென்ட்ஸ்ல பதினாலு வருஷம். எங்க ஃபேக்டரியில க்ரீச், அதான் காப்பகம், உண்டு. ஃபேக்டரி சட்டத்துல 30 பொம்பளைக்கு மேல இருந்தா வெச்சே ஆகணும்னு 1976லிருந்தே இருந்துச்சு. தொட்டில், பொம்மை, சுவத்துல படம் எல்லாம் இருக்கும். ஆனா 600 பேர் வேலை செய்ற இடத்துல ஒன்பது குழந்தைதான் வரும். ஏன்னு யாரும் கேக்கலை.

நான் சொல்றேன். காலையில 8:30க்குப் பஞ்ச் பண்ணணும். 7:15 பஸ்ல நிக்க இடம் கிடையாது, அதுல ஒரு கையில குழந்தை, ஒரு கையில டிபன் பை. என் பையனுக்கு ஒரு தடவை பஸ் கம்பியில நெத்தி இடிச்சு வீங்கிப் போச்சு. அதோட நிறுத்திட்டேன். பக்கத்து வீட்டு ஆயாகிட்ட மாசம் 2,500க்கு விட்டேன். க்ரீச் வேலை செய்ற இடத்துல இருக்கணும்னு சட்டம் எழுதினவங்க அந்த பஸ்ல ஒரு தடவை ஏறியிருந்தா, வீட்டுப் பக்கத்துல வைங்கன்னு எழுதியிருப்பாங்க. நம்ம தெருவுல இருக்கணும், அதுவும் சாயந்திரம் ஏழு மணி வரைக்கும்.

மெல்போர்ன் காத்து
வியாழன், காலை 5:50

விவேக்நகர்ல பிறந்து வளர்ந்தவ, இப்ப மெல்போர்ன். முதல் பதிவுல வெளிநாட்டைப் பத்திக் கேட்டிருந்ததால இங்க எப்படின்னு சொல்றேன்.

குழந்தை பராமரிப்பு மானியம்னு ஒண்ணு, 2018 ஜூலையிலிருந்து இருக்கு. பணம் நம்ம கைக்கு வராது, நேரா டேகேருக்குப் போயிடும். பில்லுல அதைக் கழிச்சிட்டு மீதியை நாம கட்டணும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 80,000 டாலருக்குள்ள இருந்தா 90 சதவீதம் வரைக்கும்னு 2023 ஜூலையில ஆக்கினாங்க. அதுக்கு மேல ஒவ்வொரு 5,000 டாலருக்கும் 1 சதவீதம் குறையும். வருமானத்தை நாமதான் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லணும். தப்பாயிட்டா வருஷக் கடைசியில திருப்பிக் கட்டணும், அதுக்காகவே 5 சதவீதம் பிடிச்சு வெச்சுப்பாங்க. முன்னாடி எவ்வளவு மணி நேரம் வேலை செய்றோம்னு பாத்து நேரத்தைக் குறைப்பாங்க. 2026 ஜனவரியிலிருந்து எல்லாத் தகுதியுள்ள குடும்பத்துக்கும் ரெண்டு வாரத்துக்கு 72 மணி நேரம் உறுதி, அம்மா வேலை தேடிட்டிருந்தாலும் சரி.

எல்லாம் சொர்க்கம்னு நினைக்காதீங்க. நாங்க தற்காலிக விசாவுல இருந்த ரெண்டு வருஷம் ஒரு சென்ட் கிடைக்கலை, முழு ஃபீஸும் கட்டினோம். மானியம் ஏறும்போதெல்லாம் டேகேர் ஃபீஸும் ஏறுது. 2023ல இங்க இருக்கற போட்டி ஆணையம் இந்த விலை விவகாரத்தையே தனியா விசாரிச்சுச்சு. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. என் கம்பெனியில 14 பேரா, 1,400 பேரான்னு யாரும் கேக்கலை. குழந்தை இருக்கா, வருமானம் எவ்வளவு, அவ்வளவுதான்.

மடிவாளா அம்மா
வியாழன், இரவு 11:05

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். அழுதும் விட்டேன், உண்மையைச் சொல்றேன்.

எனக்குன்னு பாத்தா எதுவுமே பொருந்தலை. கட்டட கார்டு இல்லை, அரசு வேலை இல்லை, வரி இல்லை, 50 பேர் இல்லை. கர்நாடக அரசு குடும்பத் தலைவிக்குத் தர்ற கிருஹலக்ஷ்மி 2,000 கேக்கலாம்னு பாத்தா எங்க ரேஷன் கார்டு ஊர்ல மாமியாரோட இருக்கு. அங்க மகளிர் உரிமைத் தொகை 1,000 அவங்க பேர்ல வருது. அது அவங்க மாட்டுத் தீவனத்துக்கே சரியாப் போகுது, அதைக் கேக்க எனக்கு மனசு வராது. சக்தித் திட்டத்துல பஸ் சும்மா, அது மட்டும்தான் இந்த ஊர்ல என் கையில நிக்கற உதவி. மாசம் ஆயிரத்துக்கு மேல மிச்சம், அதுக்கு நன்றியோட இருக்கேன்.

ஆனா கணக்கர் அண்ணா சொன்ன 10லிருந்து 49 மனசுலேயே நின்னுச்சு. எங்க ஆபீஸ் ஒரு நாலு மாடிக் கட்டடத்துல மூணாவது மாடி. இன்னைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு மாடியா ஏறி இறங்கினேன். டிராவல்ஸ் ஆபீஸ், பல் டாக்டர், சாஃப்ட்வேர் ஆபீஸ் ஒண்ணு, கூரியர், நாங்க. எல்லாம் சேர்த்தா 83 பேர். அதுல மூணு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கறவங்க 11 பேர், நாலு பேர் அப்பாக்கள். ஹவுஸ்கீப்பிங் அக்கா குழந்தையையும் சேர்த்துத்தான் 11. பல் டாக்டர் வீட்ல வேலை செய்ற பாட்டிகிட்ட தன் குழந்தையை விட்டுட்டு வர்றாங்களாம், அவங்களே முதல்ல கையெழுத்துப் போட்டாங்க.

தனித்தனியா பாத்தா எங்க யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனா பல ஆபீஸ் சேர்ந்து பொதுவா ஒரு காப்பகம் வெச்சுக்கலாம்னு புதுத் தொகுப்புல இருக்குன்னு கணக்கர் அண்ணா தனிச்செய்தியில சொன்னார். கிரவுண்ட் ஃப்ளோர்ல ஒரு ரூம் நாலு மாசமா பூட்டிக் கிடக்கு. கட்டட ஓனர் கோயம்புத்தூர்க்காரர், சனிக்கிழமை வர்றார். ஒரு ஆளுக்கு என்ன விழும்னு போட்டுப் பாத்தேன்: ரெண்டு ஆயாவுக்கு ஆளுக்கு 15,000, சாப்பாடு, கரண்டு எல்லாம் சேர்த்து 11ஆல வகுத்தா 4,500க்குள்ள வருது, வாடகையை ஆபீஸுங்க பிரிச்சுக்கிட்டா. ஆயாங்களுக்கு மணி ஆறரை ஆனா வீட்டுக்குப் போற மாதிரி ரெண்டு ஷிஃப்டா போடணும்னு எழுதி வெச்சிருக்கேன்.

14 வாரச் சம்பளத்தைப் பத்தி இன்னும் கேக்கலை. அதையும் கேப்பேன்.

ஸ்ரீராமபுரம் டீச்சர்
வெள்ளி, காலை 6:05

மகளே, அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார். கழிப்பறை குழந்தை உயரத்துக்கு வேண்டும். ஒரு வயதுக் குழந்தைகளையும் மூன்று வயதுக் குழந்தைகளையும் ஒரே நேரத்தில் தூங்க வைக்க முடியாது, இரண்டு மூலை வேண்டும். ஆயாக்களைத் தேடும்போது எனக்குச் சொல். என்னோடு வேலை பார்த்தவர்களில் இருவர் இப்போது கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள். 25 குழந்தைகளைச் சமாளித்த கைகள்.

எச்எஸ்ஆர் வாசி
வெள்ளி, மதியம் 12:30

சிடிபிஓ ஆபீஸுக்குப் போயிட்டு வந்தேன். பால்னா மையம் எங்க பக்கம் நடந்து போற தூரத்துல இல்லை. டீச்சரம்மா சொன்ன மாதிரி எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிட்டேன்.

ஆனா அங்க ஒரு மேடம் இன்னொரு வழி சொன்னாங்க. மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசுக் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்துல 'ஸ்பான்சர்ஷிப்'னு ஒரு உதவித்தொகை இருக்கு. விதவைத் தாயோட குழந்தைக்கு மாசம் 4,000. நகரத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 96,000க்கு மேல போகக் கூடாது. அக்காவுக்கு மூணு வீட்லயும் சேர்த்து மாசம் 7,500, அதாவது 90,000. உள்ளதான் இருக்காங்க. நாலாவது வீடு ஒண்ணு கேட்டிருந்தாங்க, அதை எடுத்திருந்தா வெளிய போயிருப்பாங்க. இந்த வரம்பை வெச்சவங்க பெங்களூர் வாடகையைப் பாத்தாங்களான்னு எனக்குத் தெரியலை. பெரியவளை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, சின்னவளைத் தெருவுலேயே ஒரு ஆயாகிட்ட விட அந்த 4,000 போதும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு கொடுக்கணும். இறப்புச் சான்று, ஆதார், வருமானச் சான்று, பாங்க் பாஸ்புக், ஸ்கூல்லிருந்து ஒரு சான்று கேட்டிருக்காங்க. வருமானச் சான்றுக்கு விண்ணப்பிச்சாச்சு. அதுவரைக்கும் காலையில ஒன்பதிலிருந்து ஒண்ணு வரைக்கும் சின்னவளை எங்க வீட்ல மாமியார் பாத்துக்கறாங்க. இன்னைக்கு பெரியவ ஸ்கூலுக்குப் போனா, பையில நோட்டு இருந்துச்சு.

வர்ற வெள்ளிக்கிழமை 10:30க்கு அலகுக்குப் போறோம். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. படிவம் நிரப்ப யாராவது கூட வர முடியுமா?

ஹெப்பால் சைட்
வெள்ளி, மதியம் 12:48

நான் வரேன் அக்கா. எல்லாச் சான்றும் மூணு நகல் எடுத்து வைங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வர வேண்டாம், அன்னைக்கும் அவ ஸ்கூலுக்குப் போகட்டும்.